இரண்டு பேரும் திருப்பிய படம்

அக்டோபர் 29, புதன்

மகள் திலகா தன் நோட்டில் என்னை எழுத விடுவதில்லை. என் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறதாம். முப்பத்தேழு முப்பத்தொன்றாகப் படிக்கப்பட்டால் முட்டைக்குள் இருப்பது செத்துப்போகும் என்கிறாள். நியாயம்தான். அதனால் உரக்கடை ஆறுச்சாமி தை மாதம் கொடுத்த டைரியைத் தூசி தட்டி எனக்கென்று எடுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் கேட்டிருந்ததை நிரப்பினேன். பெயர்: தெய்வசிகாமணி. ஊர்: கொடுமுடிக்குப் பக்கம். படிப்பு: பத்தாவது, இரண்டு முறை. தொழில்: டிவி ரிப்பேர். டிவிகள் ரிப்பேர் ஆவதை நிறுத்திவிட்டதால் இப்போது மகளுக்கு எடுபிடி.

இன்று ஏழாம் நாள். முட்டைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். அட்டைப்பெட்டிக்குள் பல்பு, மேலே ஒரு ஓட்டை. ஓட்டையில் முட்டையை வைத்தால், உள்ளே சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. இருநூற்று எண்பத்தெட்டில் இருநூற்று நாற்பத்தொன்று தேறியது. திலகா சிரித்தாள். கரூரில் புருஷன் வீட்டிலிருந்து வந்து நாலு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

முப்பத்தாறு வீட்டு நாட்டுக்கோழி முட்டைகள் இவை. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்து பென்சிலால் எழுதியிருக்கிறது. வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வாங்கியது. முட்டை அவர்களுடையது, சூடு எங்களுடையது, குஞ்சு பாதிக்குப் பாதி. மூடிப்போன பண்ணை ஒன்றிலிருந்து வந்த பழைய பொரிப்பு மெஷின், பீரோ உயரம். அதற்குள் எந்நேரமும் முப்பத்தேழரை டிகிரி நிற்க வேண்டும். நவம்பர் பன்னிரண்டு அன்று பொரிக்கும்.

மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் அரை டிகிரி வித்தியாசம் இருக்கிறது. சின்ன விசிறி ஒன்று கூடுதலாக வைத்தால் சரியாகிவிடும். திலகா வேண்டாம் என்கிறாள். நான் முப்பது வருஷம் சால்டரிங் கம்பி பிடித்தவன். நாளைக்குப் பார்க்கலாம்.

அக்டோபர் 30, வியாழன்

பல்லி.

காலை பத்தே முக்காலுக்கு மெஷினின் கண்ட்ரோல் போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆகிவிட்டது. சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு நிறுத்துகிற மூளை அந்த போர்டுதான். நடுவில் கரியாகிப் பெருவிரல் அளவுக்கு ஓட்டை. திலகா தபால் ஆபீஸ் போயிருந்தாள். நான் பக்கத்தில் இல்லை. பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் வேறு வேலையாக.

திலகா வந்து பார்த்தாள். நேராகப் போய் நாலு பெரிய பல்பை மெஷினுக்குள் தொங்கவிட்டுத் தெர்மாமீட்டரைச் செருகினாள். முப்பத்தேழுக்குக் கீழே போனால் சுவிட்சைப் போடு, முப்பத்தெட்டைத் தொட்டால் நிறுத்து. அவள், நான், என் மனைவி சம்பூரணம், மூன்று ஷிப்ட்.

சம்பூரணம் பல்லியைத் துடைப்பத்தில் தள்ளிப் பார்த்தாள்.

"ஏனுங்க, காலைல செத்த பல்லி இப்புடி அப்பளமாட்டக் காஞ்சா கெடக்கும்?"

"கரண்டு அடிச்சா அப்படித்தான். ஈரமெல்லாம் ஆவியாயிரும்" என்றேன்.

"நம்ம டியூப்லைட்டுப் பட்டிக்குப் பின்னால ஒண்ணு ரெண்டு மாசமாக் காஞ்சு கெடந்துச்சு. அதையக் காணமுங்க."

பெண்களுக்கு வீட்டில் எந்தப் பல்லி எங்கே இருக்கிறது என்றெல்லாம் எதற்குக் கணக்கு?

அக்டோபர் 31, வெள்ளி

ஈரோட்டுக் கடைகளில் ரெடிமேட் கண்ட்ரோலர் இல்லை. ஆர்டர் போட்டால் பத்து நாள். கோயம்புத்தூரில் போர்டு அடித்துக் கொடுப்பவருக்குப் போன் செய்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை, அவருக்கும் பத்து நாள். எல்லாருக்கும் பத்து நாள். முட்டைக்கு மட்டும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

கம்ப்யூட்டர் மூளையெல்லாம் எனக்கு எட்டாது. ஆனால் பழைய காலத்து வழி தெரியும். சூட்டை உணரும் மூன்று கால் சில்லு ஒன்று, அதை ஒப்பிட்டுப் பார்க்கும் எட்டுக் கால் ஐசி ஒன்று, டக்கென்று சுவிட்ச் போடும் ரிலே ஒன்று. எல்லாம் என் டப்பாவிலேயே இருந்தது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் பொது போர்டில் ஒயர் இழுத்து இழுத்து ஈயத்தால் பற்ற வைத்தேன். அடிப்பக்கம் பார்த்தால் இடியாப்பம். மாட்டினேன். வேலை செய்தது!

நவம்பர் 1, சனி

இடியாப்பம் நிற்கிறது. 37.5. திலகா நாலு மணி நேரம் தூங்கினாள்.

நவம்பர் 2, ஞாயிறு

39.9.

மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மெஷின் விசிறி அதிர்ந்து அதிர்ந்து ஒரு ஒயர் இன்னொன்றின் மேல் சாய்ந்திருக்கிறது. ரிலே விடவேயில்லை. முக்கால் மணி நேரம் ஹீட்டர் எரிந்திருக்கிறது. கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. திலகா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். முறத்தை எடுத்து விசிறினாள், நான் என் பனியனைக் கழற்றி விசிறினேன். பதினோரு நாள் கருவுக்கு முன்னால் அரை நிர்வாணமாக ஆடிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததில் முப்பத்தொன்று நின்றுவிட்டன. நரம்பெல்லாம் கரைந்து ஒரு சிவப்பு வளையம் மட்டும். திலகா ஒவ்வொரு முட்டையின் எழுத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். யார் வீட்டு முட்டை செத்தது என்று சொல்ல வேண்டுமல்லவா.

மறுபடி பல்பு, மறுபடி மூன்று ஷிப்ட்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் கரூரிலிருந்து போன். மாப்பிள்ளையின் தாய்மாமன் பொங்கியண்ணன். "பன்னண்டாந் தேதி நாளு நல்லாருக்குதுங்க. பையனையும் கூட்டிட்டு வர்றேன். பேசி முடிச்சுப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தர்றோம்" என்றார். பஞ்சாங்கத்தில் பொரிக்கிற நாளும் அதேதான் போலிருக்கிறது.

திலகாவிடம் சொன்னேன். சுவிட்சில் கை வைத்தபடியே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"குஞ்சு பொரிச்சுதுன்னா நான் இங்கயே இருந்துக்கறேனுங்கப்பா. இதை வெச்சுப் பொழச்சுக்குவேன். பொரிக்கலீன்னா அவங்க கூடப் போயர்றேன். முப்பத்தாறு வீட்டுக்காரங்க மூஞ்சீல முழிச்சுட்டு, வாழாவெட்டின்னு வேற பேரெடுத்துட்டு, ரெண்டு தோல்விய என்னால தூக்க முடியாது."

"என்ன கண்ணு இப்படி..."

"முப்பத்தெட்டு ஆச்சு பாருங்க. நிறுத்துங்க."

ஒயரை நம்பிப் பயனில்லை. அதிர்ந்தாலும் அசையாத போர்டு வேண்டும். ஒயருக்குப் பதில் பலகையிலேயே செம்புக் கோடுகள். அதை வீட்டிலேயே செய்யலாம் என்று திலகா போனில் தேடிக் காட்டினாள். அவளுடைய பிரிண்டர் போதுமாம். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தவற்றில் திரும்பி வந்தது அந்த இங்க் பிரிண்டர் ஒன்றுதான். மழையில் நனையாமல் துணிப்பைக்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள்.

முறை இது: ஒளி படக் கூடாத இடம் கறுப்பாக, கோடுகள் மட்டும் வெறுமையாக, கண்ணாடித்தாளில் படத்தைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். செம்புத் தகடு ஒட்டிய பலகையில் ஒரு நீலப் படலத்தைச் சூடு வைத்து ஒட்ட வேண்டும். மேலே கண்ணாடித்தாளை வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட கோடுகள் கெட்டிப்படும். மீதியைச் சலவை சோடாத் தண்ணீர் கழுவிவிடும். பிறகு மருந்துத் தண்ணீரில் போட்டால், மூடியில்லாத செம்பைத் தின்றுவிட்டுக் கோட்டை மட்டும் மிச்சம் வைக்கும்.

கோயம்புத்தூருக்குச் சொல்லி எல்லாச் சாமானும் பஸ் பார்சலில் மாலையே வந்துவிட்டது. வெயில் மட்டும் பார்சலில் வருவதில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டுவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. 37.2, 37.6, 37.9, 37.1.

படத்தை நான் தாளில் வரைந்தேன், திலகா கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஓரத்தில் சின்னதாக 'தி' என்று ஓர் எழுத்தும் போட்டாள். "நம்ம கம்பெனி மார்க்குங்கப்பா" என்றாள். நாலாயிரம் டிவி பார்த்த எனக்கு ஒரு கம்பெனி மார்க் கிடையாது.

முதல் பிரிண்ட் என் கைங்கரியம். கண்ணாடித்தாளில் சொரசொரப்பான பக்கம் ஒன்று உண்டு, அதில்தான் மை பிடிக்கும். நான் வழவழப்பான பக்கத்தில் அடித்தேன். மை, தாமரை இலைத் தண்ணீராக உருண்டது. எடுத்துப் பார்த்தேன், என் கட்டைவிரல் ரேகை மட்டும் மிகத் தெளிவாகப் பதிந்திருந்தது. இரண்டாவது பிரிண்ட் சரியாக வந்தது. கறுப்பு போதாதென்று இன்னொன்று எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒட்டினோம்.

படலத்தை ஒட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்து சூடாக்கினேன். திலகா பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி சூடேறி 'டிக்' என்றது. அவள் பலகையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். மழையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். சம்பூரணம் வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"அடுப்புல தோசைக்கல்லு வெச்சு ஒட்டுங்க. இந்தப் பொட்டி இந்தூட்ல வேண்டாம்" என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

திலகாவுக்கு அந்தச் சூட்டு வாடை ஆகாது போலிருக்கிறது. வந்த நாளாக முழுக்கைச் சுடிதார்தான் போடுகிறாள். குளிருக்காக இருக்கும். வந்தது ஆனி மாதம்.

தோசைக்கல்லில் பலகையைச் சுட வைத்துப் பூரிக்கட்டையால் உருட்டி ஒட்டினேன். ஒரு குமிழிகூட இல்லாமல் பிடித்தது. மடித்துத் தட்டில் போட்டுச் சட்னி கேட்கலாம் போல.

நவம்பர் 5, புதன்

பதினாலாம் நாள். வெயில் இல்லை.

பத்து மணிவரை வானத்தைப் பார்த்தேன். பதினொன்றுக்கு ஒரு யோசனை வந்தது. ஆறுச்சாமி கடைக் கல்லாவில் கள்ள நோட்டு பார்க்கிற மெஷின் இருக்கிறது. அதில் எரியும் ஊதா டியூபில் வெயிலில் இருக்கிற அதே சத்து உண்டு. குடை பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"உன்ற நோட்டு மெஷினை ஒரு நாள் குடு ஆறுச்சாமி."

"எதுக்குய்யா?"

"பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன். அதுக்கு லைட்டு காட்டோணும்."

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊட்ல பிரிண்டர் வெச்சிருக்கறே, இப்ப நோட்டு மெஷின் கேக்கறே. பங்காளி, போலீசு வந்தா நான் உன்னையப் பாத்ததே இல்லைன்னு சொல்லிப்போடுவேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ற ஊட்டு முட்டை எட்டு உள்ள இருக்குதாமா. எப்படி இருக்குது?" என்றான்.

"பாத்துட்டுத்தான் இருக்கறோம்."

"அம்மிணி கெட்டிக்காரி. நீ மட்டும் கிட்டப் போகாம இரு" என்று மெஷினைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் குடையை விரிக்க மறந்து நடந்தேன்.

ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டி அறையை இருட்டாக்கினோம். பலகை, மேலே படம், மேலே கண்ணாடி, மேலே ஊதா வெளிச்சம். பன்னிரண்டு நிமிஷம். சோடாத் தண்ணீரில் போட்டு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தடவ, கோடுகள் நீலமாக எழுந்து வந்தன. பிறகு மருந்துத் தண்ணீர். சம்பூரணத்தின் ஊறுகாய் டப்பாவில் ஊற்றி ஆட்டிக்கொண்டேயிருந்தேன். எவர்சில்வர் பாத்திரம் கூடாது, பாத்திரத்தையே தின்றுவிடும். இருபத்தைந்து நிமிஷத்தில் செம்பு மறைந்து பலகை தெரிந்தது. தரையில் துரு நிறத்தில் மூன்று சொட்டு. சம்பூரணம் அதைப் பற்றி இன்னும் பேசவில்லை, சேர்த்து வைத்திருக்கிறாள்.

எடுத்துக் கழுவினேன். கோடுகள் ஒன்றுகூட அறுபடவில்லை. தலைமுடி கனத்தில் இருந்த கோடுகூட முழுசாக நின்றது. திலகாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தோம்.

'தி' இடவலம் மாறிக் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தது.

"நான் ஒருக்காத் திருப்பித்தானே வெச்சேன்" என்றாள் திலகா. படத்தை மை பக்கம் கீழே வைப்பதால், முன்கூட்டியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைக்க வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் திருப்பியிருக்கிறாள்.

நான் ஊறுகாய் டப்பாவை மூடத் தொடங்கினேன்.

"அப்பா?"

"நீ மறந்திருப்பியோன்னு... பிரிண்ட் குடுக்கறப்ப நானும் ஒருக்காத் திருப்பி உட்டுட்டேன் கண்ணு."

இரண்டு பேரும் திருப்பினால் பழையபடி நேராகிவிடும். நேராக அடித்ததைக் கவிழ்த்து வைத்தால் எல்லாக் கோடும் இடவலம் மாறிவிடும், ஐசியின் கால் ஒன்றும் தன் இடத்தில் உட்காராது. ஆளுக்கொரு திருத்தம் செய்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"சொல்லீருக்கலாமில்லீங்கப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "நீங்க பண்ணுனதை நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

மறுபடி செய்யக் கறுப்பு மையும் இல்லை, பலகையும் இல்லை. மெஷின் பக்கம் சம்பூரணம் கத்தினாள்: "முப்பத்தாறே முக்கால்!" இருவரும் ஓடினோம்.

நவம்பர் 6, வியாழன்

வழி கண்டுபிடித்தது திலகாதான். பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தவள், "பாகத்தையெல்லாம் அக்கட்டால வெக்காம செம்புப் பக்கமே வெச்சா?" என்றாள்.

ஊரில் எல்லாரும் மேலே பாகம், கீழே செம்பு என்று வைப்பார்கள். நாங்கள் இரண்டையும் ஒரே பக்கம் வைத்தால், இடவலம் மாறியது தானே நேராகிவிடுகிறது. முப்பது வருஷ அனுபவத்துக்கு இது தோன்றவில்லை.

ஐசியின் கால்களைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பற்ற வைத்தேன். மூன்றாவது காலில் ஈயம் வழிந்தது. நாலு ராத்திரி தூக்கமில்லாததால் என்று திலகா நினைத்துக்கொண்டாள். அவளே வாங்கி மீதியைப் பற்ற வைத்தாள். போர்டு பார்ப்பதற்கு மல்லாக்க விழுந்த கரப்பான் மாதிரி இருக்கிறது.

மாட்டுவதற்காக மெஷினின் பின்பக்க மூடியைக் கழற்றினேன். இடியாப்பத்தை வெளியிலேயே மாட்டியிருந்ததால், முப்பதாம் தேதிக்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை. உள்ளே இரண்டு சிவப்பு ஒயர்கள் உண்டு. ஒன்று விசிறிக்குப் போகும் பன்னிரண்டு வோல்ட். மற்றது வீட்டு மின்சாரம். அது கறுப்பாக இருந்திருக்க வேண்டும். வாங்கிய புதிதில் பழைய ஒயர் நைந்திருந்ததால் மாற்றினேன். என்னிடம் கறுப்பு இல்லை, சிவப்பைப் போட்டேன்.

அந்த இரண்டாவது சிவப்பு ஒயரில் கறுப்பு நூல் கட்டியிருந்தது. தையல் நூல். மூன்று சுற்று, இறுக்கமான முடிச்சு. திலகாவின் முடிச்சு. நூலில் தூசி படிந்திருந்தது.

இனி ஒயர் மாறாமலிருக்க அடையாளம். ஆக, அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

போர்டை மாட்டினேன். மூடியைப் போட்டேன். 37.5 காட்டியது.

நவம்பர் 7, வெள்ளி

37.5.

நவம்பர் 8, சனி

37.5. 37.4. 37.5.

பல்லி விழவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். விசிறி வைக்கப் போனேன். எந்தச் சிவப்பு எது என்று பார்க்காமல் பன்னிரண்டு போக வேண்டிய இடத்தில் வீட்டுக் கரண்டைக் கொடுத்தேன். இதை எழுத ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுத வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பதினெட்டாம் நாள். இனி முட்டைகளைப் புரட்டக் கூடாது, திறக்கவும் கூடாது. கடைசியாக வெளிச்சத்தில் பார்த்ததில் நூற்றுத் தொண்ணூற்றாறு. சம்பூரணம் பழைய கொசுவலையில் முப்பத்தாறு பை தைத்திருந்தாள். பென்சில் எழுத்துப்படி ஒவ்வொரு வீட்டு முட்டையையும் தனித்தனிப் பையில் போட்டோம். பொரித்து வெளியே வந்த குஞ்சிடம் நீ யார் வீடு என்று கேட்க முடியாதல்லவா.

நவம்பர் 11, செவ்வாய்

ஒரு கீறல்கூட இல்லை. இருபதாம் நாளே கொத்த ஆரம்பிக்க வேண்டும். திலகா கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பல்பு நாட்களில் சூடு குறைந்து குறைந்து போனதே, அதனால் தள்ளிப்போகும் என்று நான் சொன்னேன். "அப்படித்தானுங்" என்றாள். சாயங்காலம் அவள் துணியை மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்தேன்.

நவம்பர் 12, புதன்

காலை ஆறுக்கு ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல். பதினோரு மணிக்குள் ஏழு குஞ்சு. பதினொன்றே காலுக்குக் கார் வந்துவிட்டது.

பொங்கியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை நந்தகுமார் உட்காராமல் மெஷின் பக்கம் போனார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. பெண் பார்க்க வந்தபோது ஒரு மணி நேரம் என்னோடு சர்க்யூட் பேசினார். அதில்தான் மயங்கினேன். வேறு எதையும் விசாரிக்கவில்லை.

பின் மூடியின் காற்றுத் துளை வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மாமா, யாரு பண்ணுன போர்டுங்க இது? எல்லாம் தலைகீழா உக்காந்திருக்குது!"

"ஏழே ஏழுதானா?" என்றார் பொங்கியண்ணன். "எரநூறு முன்னூறுன்னாங்க. சரி உடுங்க, பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி. புருசன் பொண்டாட்டின்னா முன்னப் பின்ன இருக்கறதுதான். எந்திரிம்மிணி, பொறப்படு."

திலகா என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போனாள். பையோடு வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. அது எங்கிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை.

எழுந்து நின்றேன். என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. முதலில் வந்தது இதுதான்:

"அந்த போர்டைப் பொசுக்குனது பல்லி இல்லீங்க. நானு."

பொங்கியண்ணன் விழித்தார். "எந்தப் பல்லிங்க?"

"ஒயரை மாத்திக் குடுத்துட்டேன். செத்த பல்லி ஒண்ணை எடுத்துப் போட்டு மறைச்சேன். அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல. இன்னொண்ணும் நான் பண்ணுனதுதானுங்க. வைகாசில என்ற புள்ள போன் பண்ணி அழுதுச்சு. என்னன்னு கேக்காமயே, சித்த பொறுத்துப் போ கண்ணுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் பொறுத்துட்டுத்தான் வந்துச்சு. அந்த ஒரு மாசத்துல நடந்ததுக்கு..."

சம்பூரணம் பரணிலிருந்து இஸ்திரிப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளைக்கு வைத்திருந்த காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். ஒயரைச் சுருட்டி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள்.

மாப்பிள்ளையின் சிரிப்பு போய்விட்டது. பொங்கியண்ணன் பெட்டியைப் பார்த்தார். பிறகு திலகாவின் முழுக்கையைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"என்றா இது, நந்து?"

"அது... ஏதோ கோவத்துல மாமா..."

மெஷினுக்குள் எட்டாவது குஞ்சு கத்தியது.

பொங்கியண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "எங்கிட்ட வேற மாதிரி சொன்னான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். காப்பியைத் தொடாமல் நடந்தார். மாப்பிள்ளை பின்னால் போனார். கார் கிளம்பும்வரை நான் நின்றுகொண்டேயிருந்தேன்.

திலகா பையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பொரிச்சாத்தான் இருப்பேன்னு சொன்னனேங்கப்பா. இன்னும் பொரிக்கலியே."

"முட்டை வேற, நீ வேற கண்ணு. பொரிச்சாலும் சரி, அத்தனையும் கூமுட்டையாப் போனாலும் சரி. இது உன்ற வீடு. இதை வைகாசிலயே சொல்லீருக்கோணும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஈரம் கொறஞ்சிருக்கும். தண்ணித் தட்டைப் பாக்கோணும்" என்று மெஷின் பக்கம் போனாள். பை நடு வீட்டிலேயே கிடந்தது. சம்பூரணம் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நவம்பர் 13, வியாழன்

எழுத நேரமில்லை. எங்கே பார்த்தாலும் கீச் கீச். கொசுவலைப் பைகள் எல்லாம் துள்ளுகின்றன.

நவம்பர் 15, சனி

நூற்று எழுபத்திரண்டு. திலகா மூன்று முறை எண்ணினாள், நான் எண்ணியதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

காலையிலிருந்து ஆட்கள் கூடையோடு வந்தார்கள். எந்தெந்த முட்டை ஏன் செத்தது என்று திலகா நோட்டைத் திறந்து ஒவ்வொருவருக்கும் சொன்னாள். ரெண்டாந் தேதி சூடு ஏறிவிட்டது என்று மறைக்காமல் சொன்னாள். ஒருவர்கூடக் கோபிக்கவில்லை. பதினோரு பேர் அடுத்த தடவைக்கு இப்போதே முட்டை கொண்டு வந்திருந்தார்கள். ஆறுச்சாமி தன் பங்கு குஞ்சுகளை மடியில் கட்டிக்கொண்டு, "நோட்டு மெஷினுக்கு வாடகையா ஒரு சேவக்குஞ்சு எச்சாக் குடு" என்று தகராறு செய்தான். எது சேவல் என்று இன்னும் ஒரு மாதத்துக்கு யாருக்கும் தெரியாது.

இன்று திலகா அரைக்கைச் சுடிதார் போட்டிருந்தாள். வந்தவர்களில் இரண்டு பேர் கைத் தழும்பைப் பார்த்தார்கள். அவள் கூடையை வாங்கிக் குஞ்சுகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கடைவீதிக்குப் போய்க் கறுப்பு ஒயர் வாங்கி வந்தேன். பின்பக்க மூடியைக் கழற்றினோம். நூலை அவளே அறுத்தாள், நான் ஒயரை மாற்றினேன். எந்த முனை எங்கே போகிறது என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மாட்டினேன். அவளும் திருப்பிச் சொன்னாள்.

மூடியின் கடைசித் திருகாணியை முடுக்கும்போது கேட்டாள்: "அந்தப் பல்லி... டியூப்லைட்டுக்குப் பின்னால கெடந்துச்சே, அதுதானுங்களாப்பா?"

"அதேதான் கண்ணு."

"வால்ல ஒட்டடை இருந்துச்சுங்க" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் மெஷின் மேலேயே சாய்ந்துகொண்டாள்.